தறிக்கு வந்த பிளாஸ்டிக் இடுப்புக்குள் போன கதை

உங்கள் வீட்டில் யாருக்காவது மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கா? "அம்மாவுக்கு முட்டியில ஸ்டீல் வெச்சிருக்காங்க", "மாமாவுக்கு இடுப்புல பிளேட் மாத்தியிருக்காங்க" என்றுதான் பொதுவாகச் சொல்வோம். எக்ஸ்-ரேயில் பளிச்சென்று தெரிவதும் அந்த உலோகம்தான்.

ஆனால் எக்ஸ்-ரேயில் தெரியாத ஒரு ஆள் உள்ளே இருக்கார். இரண்டு உலோகத்துக்கும் நடுவில், வெள்ளையாக, சில மில்லிமீட்டர் தடிமனில், ஒரு பிளாஸ்டிக். ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் உரசுவது அதன் மேல்தான். தேய்வதும் அதுதான். அது நன்றாக இருந்தால் மூட்டு நன்றாக இருக்கும்.

அது என்ன பிளாஸ்டிக் என்று கேட்டால் சிரிப்பீர்கள். பாலித்தீன். ஆமாங்க, தடை செய்தும் இன்னும் ஒழியாத கேரி பேக் இருக்கே, அதே குடும்பம். ஆனால் அண்ணன். மீ உயர் மூலக்கூறு எடை பாலித்தீன் என்று முழுப்பெயர்.

இந்த அண்ணன் மனித உடம்புக்குள் எப்படி நுழைந்தார், அதற்கு முன் சுமார் முன்னூறு பேர் என்ன விலை கொடுத்தார்கள் என்பதுதான் இன்றைய த்ரெட். கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

முதலில் இடுப்பு மூட்டைப் புரிஞ்சுக்கணும். தொடை எலும்பின் உச்சியில் ஒரு பந்து. இடுப்பெலும்பில் ஒரு கிண்ணம். இரண்டின் மேலும் வழவழப்பான குருத்தெலும்பு. பனிக்கட்டி மேல் பனிக்கட்டி சறுக்குவதைவிட இங்கே உராய்வு குறைவு. தேய்மான வாதம் வந்து குருத்தெலும்பு போய்விட்டால் எலும்போடு எலும்பு உரசும். படுத்தால் வலி, எழுந்தால் வலி, செருப்பு மாட்டக் குனிந்தால் வலி. 1950களில் இதற்கு மருத்துவர்களிடம் உருப்படியான தீர்வு எதுவும் இல்லை. ஆஸ்பிரின், கைத்தடி, இல்லையென்றால் மூட்டையே அசையாமல் ஒட்ட வைத்துவிடும் ஆபரேஷன்.

முயற்சி பண்ணாமல் இல்லை. ஜெர்மனியில் தெமிஸ்டோகிளெஸ் குளுக் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே யானைத் தந்தத்தில் மூட்டு செய்து பார்த்தார். பாரிஸில் ஜூடே சகோதரர்கள் 1940களின் பின்பாதியில் அக்ரிலிக் பந்து வைத்தார்கள். கொஞ்ச நாள் நன்றாக இருக்கும், அப்புறம் தளர்ந்துவிடும், உடைந்துவிடும்.

இங்கேதான் நம்ம கதாநாயகன் வருகிறார். ஜான் சார்ன்லி. 1911இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் பரி என்ற ஊரில் பிறந்தவர். அப்பா மருந்தாளுநர், அம்மா செவிலியர். மான்செஸ்டரில் படித்து எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் ஆனவர். ஆள் கொஞ்சம் பிடிவாதக்காரர், கோபக்காரர். எலும்பு ஒட்டு எப்படிச் சேர்கிறது என்று பார்ப்பதற்காக 1946இல் தன் காலிலேயே சக மருத்துவரை வைத்து ஆபரேஷன் செய்துகொண்டு, அதில் சீழ் பிடித்துக் கஷ்டப்பட்டவர். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அவரிடம் ஒரு நோயாளி வந்தார். ஜூடே அக்ரிலிக் பந்து வைத்துக்கொண்டவர். சாப்பாட்டு மேஜையில் எதையாவது எடுக்க முன்னால் சாய்ந்தால் இடுப்பிலிருந்து 'கிறீச்' என்று சத்தம். எண்ணெய் போடாத கதவு மாதிரி. அந்தச் சத்தம் தாங்காமல் மனைவி எழுந்து போய்விடுவாராம்.

மற்றவர்கள் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். சார்ன்லி யோசித்தார். சத்தம் வருதுன்னா உராய்வு அதிகம். உராய்வு அதிகம்னா ஒவ்வொரு அடிக்கும் அந்தப் பந்து எலும்பிலிருந்து திருகப்படுது. அதனால்தான் தளர்கிறது. அப்படியானால் நமக்குத் தேவை வழுக்கும் பொருள். உலகத்திலேயே ரொம்ப வழுக்கும் பொருள் எது?

டெஃப்லான். உங்க வீட்டு தோசைத் தவாவில் இருக்கே, அதேதான்.

டெஃப்லான் வந்ததே ஒரு விபத்து. 1938 ஏப்ரல் 6ஆம் தேதி, அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர், குளிர்பதன வாயு ஆராய்ச்சிக்காக வைத்திருந்த ஒரு சிலிண்டரைத் திறந்தால் வாயு வரவில்லை. எடை மட்டும் குறையவில்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் பொடி. எந்த அமிலமும் அதைத் தொடவில்லை, எதுவும் அதன் மேல் ஒட்டவில்லை. இரண்டாம் உலகப் போரில் அணுகுண்டுத் திட்டத்தில் யுரேனியம் வாயுவின் அரிப்பைத் தாங்க வேறு பொருள் இல்லாமல் இதைத்தான் பயன்படுத்தினார்கள்.

எதனோடும் வினை புரியாது, வழுக்கும். உடம்புக்குள் வைக்க இதைவிட என்ன வேணும்?

சார்ன்லி வேலை செய்த ரைட்டிங்டன் மருத்துவமனை, விகன் நகரத்துக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் காசநோய் சானடோரியம். பெரிய நகரத்து மருத்துவமனை கிடையாது. அங்கேதான் அவர் தன் ஒர்க்‌ஷாப்பை அமைத்தார். ஹாரி கிரேவன் என்ற கருவி செய்யும் தொழில்நுட்பக்காரரை வேலைக்கு வைத்தார். இந்தக் கதையில் சார்ன்லி பேர் எல்லாருக்கும் தெரியும். கிரேவன் பேர் தெரியாது. என்னைக் கேட்டால் பாதிக் கதை அவருடையது.

1958 வாக்கில் டெஃப்லான் மூட்டுகள் ஆரம்பித்தன. சார்ன்லி மூன்று விஷயங்களைச் சேர்த்தார். ஒன்று, டெஃப்லான் கிண்ணம். இரண்டு, பந்தைச் சின்னதாக்கியது. இயற்கையான பந்தில் பாதி அளவுகூட இல்லாமல், கடைசியில் 22.225 மில்லிமீட்டருக்கு வந்து நின்றார். அதாவது முக்கால் இஞ்சுக்குச் சற்று மேல், சரியாக 7/8 இஞ்சு. பந்து சின்னதானால் உராய்வு கிண்ணத்தைத் திருகும் விசை குறையும், கிண்ணத்துக்குத் தடிமன் கிடைக்கும். மூன்று, பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் அக்ரிலிக் பசையை எலும்பு சிமென்ட்டாக வைத்து உலோகத் தண்டை எலும்புக்குள் பொருத்தியது. இந்த யோசனை மான்செஸ்டர் பல் மருத்துவத் துறையின் டென்னிஸ் ஸ்மித்திடமிருந்து வந்தது.

முடிவு? அற்புதம். ஸ்ட்ரெச்சரில் வந்தவர்கள் நடந்து போனார்கள். வலி அன்றே போனது. 1961இல் லான்செட் இதழில் கட்டுரை எழுதினார். சுமார் முன்னூறு இடுப்புகளில் டெஃப்லான் போய்விட்டது.

அப்புறம் ஒவ்வொருவராகத் திரும்பி வர ஆரம்பித்தார்கள்.

எக்ஸ்-ரே எடுத்தால், உலோகப் பந்து டெஃப்லான் கிண்ணத்துக்குள் மேல்நோக்கித் துளைத்துக்கொண்டே போயிருந்தது. ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம். அவ்வளவுதான் தாங்கியது. திறந்து பார்த்தால் அதைவிட மோசம். தேய்ந்து விழுந்த டெஃப்லான் தூளைச் சுற்றி உடம்பு போர் நடத்தி, மூட்டு முழுக்கப் பாலாடைக்கட்டி மாதிரி ஒரு வெள்ளைச் சதை. பார்க்க காசநோய்ச் சீழ் மாதிரியே இருக்கும், ஆனால் கிருமி கிடையாது. அந்தச் சதை எலும்பையும் தின்றிருந்தது.

எதனோடும் வினை புரியாத பொருள் ஏன் இப்படிச் செய்தது? இங்கே ஒரு விஷயத்தைப் பொறுமையாகப் புரிஞ்சுக்கணும்.

வழுக்குவது வேறு. தேயாமல் இருப்பது வேறு. குளியல் சோப்பை நினைச்சுக்கோங்க. கையில் நிற்காது, அவ்வளவு வழுக்கும். ஆனால் ஒரு மாசத்தில் கரைஞ்சு போகும். டெஃப்லான் சங்கிலிகள் மூங்கில் கழிகள் மாதிரி விறைப்பானவை, வழவழப்பானவை. ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது. அதனால் ஒரு அடுக்கு இன்னொரு அடுக்கின் மேல் சுலபமாக நழுவும். அந்த நழுவல்தான் வழுக்கல். அதே நழுவல்தான் தேய்மானமும். வழுக்குவதற்கான காரணமே தேய்வதற்கும் காரணம்.

இரண்டாவது, வினை புரியாத பொருள் என்பது கட்டியாக இருக்கும்போது. நுண்தூளாக மாறினால் நம்ம உடம்பின் துப்புரவுப் பணியாளர்களான மேக்ரோஃபேஜ் செல்கள் அதை விழுங்கும். செரிக்க முடியாது. செரிக்க முடியாத எரிச்சலில் வேதி சமிக்ஞைகளை அனுப்பும். அந்த சமிக்ஞை எலும்பைக் கரைக்கும் செல்களை எழுப்பிவிடும். குற்றவாளி வேதியியல் இல்லை, தூளின் அளவு.

டெஃப்லானோடு வேறு நிரப்புத் தூள் கலந்து கெட்டியாக்கியும் பார்த்தார்கள். மெஷினில் போட்டு ஓட்டினால் பிரமாதமான ரிசல்ட். உடம்புக்குள் வைத்தால் அதுவும் தேய்ந்தது, போதாக்குறைக்கு உலோகப் பந்தையும் உப்புத்தாள் மாதிரி தேய்த்தது. ஆய்வகத்தில் ஜெயிப்பது உடம்பில் ஜெயிப்பது இல்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

சார்ன்லி நோயாளிகளைக் கைவிடவில்லை. டெஃப்லான் வைத்தவர்களைத் திரும்ப அழைத்து மறு ஆபரேஷன் செய்தார். உங்கள் கையால் வைத்த ஒன்றை, அது கெடுத்த எலும்போடு சேர்த்து, உங்கள் கையாலேயே சுரண்டி எடுப்பது. ஒன்று இரண்டு இல்லை, வரிசையாக. மருத்துவராக எனக்கு அந்தப் பட்டியலை நினைத்தாலே வயிறு கலங்குது.

இப்போது 1962 மே மாதம். பின்ஸ் என்ற விற்பனையாளர் ரைட்டிங்டன் வருகிறார். மருத்துவப் பொருள் விற்க இல்லை. லங்காஷயர் என்றால் நெசவு. தறி மெஷின்களின் பல்சக்கரம் செய்ய ஜெர்மனியில் தயாராகும் ஒரு புது பிளாஸ்டிக்கை அவர் விற்றுக்கொண்டிருந்தார். விசைத்தறிச் சத்தத்தைப் பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்குத் தெரியும், அந்த சாமான்கள் நாள் முழுக்க என்ன அடி வாங்கும் என்று. மருத்துவமனையின் கொள்முதல் அலுவலர் அவரைக் கிரேவனிடம் அனுப்பினார்.

கிரேவன் ஒரு துண்டை வாங்கி வைத்தார். சார்ன்லி வந்து பார்த்தார். கட்டை விரல் நகத்தால் அழுத்தினார். நகம் பதிந்தது. இதுல நேரத்தை வீணாக்காதே என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கிரேவன் கேட்கவில்லை. சார்ன்லி வெளிநாடு போயிருந்த சமயம் பார்த்து அதைத் தேய்மான மெஷினில் மாட்டி ஓட விட்டார். இரவும் பகலும். மூன்று வாரம் ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுகூட அது தேயவில்லை.

சார்ன்லி திரும்பி வந்தார். மெஷினைப் பார்த்தார். கோபக்காரர்தான், ஆனால் ஆதாரத்தைக் கண்டால் பணிகிற கோபக்காரர். அங்கேயே முடிவு மாறியது.

சரி, அந்த பிளாஸ்டிக்கில் அப்படி என்ன இருக்கு?

கேரி பேக்கிலும் இதிலும் இருப்பது ஒரே சரக்கு. கார்பன், ஹைட்ரஜன். எத்திலீன் என்ற கண்ணியை ஒன்றோடொன்று கோத்த சங்கிலி. 1933இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. ஆய்வகத்தில் முதலில் கிடைத்தது. அதற்குப் பயங்கரமான அழுத்தம் தேவைப்பட்டது. 1953இல் ஜெர்மனியில் கார்ல் சீக்ளர் குறைந்த அழுத்தத்திலேயே நீளமான, கிளை இல்லாத சங்கிலி செய்யும் வினையூக்கியைக் கண்டுபிடித்தார். 1963இல் நோபல் கிடைத்தது.

வித்தியாசம் நீளத்தில். கேரி பேக் சங்கிலியில் சில ஆயிரம் கண்ணிகள். அண்ணனிடம் ஒரு லட்சத்துக்கு மேல். மூலக்கூறு எடை 35 லட்சத்திலிருந்து 60 லட்சம் வரை போகும். அந்தச் சங்கிலியை 1 மில்லிமீட்டர் தடிமன் உள்ள நூலாக நினைத்தால், ஒரு நூலின் நீளம் ஏறக்குறைய 60, 70 மீட்டர் வரும். தட்டில் இருக்கும் இடியாப்பத்தில் ஒரு இழையைச் சுலபமாக உருவலாம். ஒவ்வொரு இழையும் 60 மீட்டர் நீளத்தில் சிக்கிக் கிடந்தால்? இழுத்தாலும் வராது. அதனால்தான் உரசினாலும் சங்கிலி பிய்ந்து வெளியே வருவதில்லை.

இந்தச் சிக்கலுக்கு ஒரு விலையும் உண்டு. சாதாரண பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் ஊற்றலாம். இதை முடியாது. 135 டிகிரி வாக்கில் உருகும், ஆனால் ஓடாது. ஜெல்லி மாதிரி அப்படியே நிற்கும். பொடியாக எடுத்து, சூட்டில் அழுத்திக் கட்டியாக்கி, அப்புறம் மரம் கடைவது போல லேத்தில் கடைந்துதான் உருவம் கொடுக்கணும். இன்றைக்கும் அப்படித்தான்.

எடை குறைவு, தண்ணீரில் மிதக்கும். தண்ணீரை உறிஞ்சாது. அடி தாங்கும். அதனால் நிலக்கரி கொட்டும் சரிவுத் தொட்டிகளின் உள்பூச்சு, பாட்டில் ஆலையில் கன்வேயர் ஓடும் தடம், துறைமுகத்தில் கப்பல் மோதும் இடத்துத் தடுப்பு என்று எங்கும் இருக்கு. இதையே மெல்லிய இழையாக இழுத்து டைனீமா என்று விற்கிறார்கள். குண்டு துளைக்காத அங்கிக்கும் கப்பல் கயிறுக்கும் அது போகுது. பலவீனம் ஒன்றுதான், சூடு. 80, 90 டிகிரிக்கு மேல் தொடர்ந்து வைத்தால் இளகிவிடும். இதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1962 நவம்பரில் முதல் பாலித்தீன் கிண்ணம் ஒரு நோயாளிக்குள் போனது.

இந்த முறை சார்ன்லி தன் தொடையிலேயே டெஃப்லான் தூளையும் புது பிளாஸ்டிக் தூளையும் ஊசியால் செலுத்திக்கொண்டார். ஒன்பது மாதம் கழித்துத் தடவிப் பார்த்தால் டெஃப்லான் போட்ட இடத்தில் கட்டி. பாலித்தீன் போட்ட இடத்தில் கையில் எதுவும் படவில்லை. 1963 கடைசியில் லான்செட்டுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொன்னார்.

பல பேர் இந்த இடத்தில் கைதட்டுவார்கள். தியாகம், வீரம் என்பார்கள். எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் ஒன்று சொல்லியே ஆகணும். வரிசை தப்பு. தன் தொடைக்கு முன்னால் முன்னூறு இடுப்புக்குள் டெஃப்லான் போயிருந்தது. அந்தக் கடிதம் அச்சாகும்போது புது பிளாஸ்டிக்கும் நோயாளிகளுக்குள் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. இன்றைய விதிகளில் முதலில் விலங்கில் சோதனை, அப்புறம் நெறிமுறைக் குழு, அப்புறம் சில நோயாளிகள், அவர்களும் விவரம் தெரிந்து கையெழுத்துப் போட்ட பிறகு. அன்றைக்கு இந்த ஏற்பாடெல்லாம் இல்லை என்பது உண்மை. அந்த முன்னூறு பேர் பட்டதும் உண்மை.

ஆனால் அடி வாங்கிய பிறகு அவர் மாறியதையும் சொல்லணும். புது மூட்டைக் கண்ட எல்லா சர்ஜன்களும் எங்களுக்கும் கொடுங்கள் என்று நின்றார்கள். கொடுக்கவில்லை. ரைட்டிங்டனுக்கு வந்து கற்றுக்கொண்டவர்களுக்கு மட்டும்தான் மூட்டு விற்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். கிட்டத்தட்ட பத்து வருஷம். 1972இல், நான்கு முதல் ஏழு வருஷம் வரை தொடர்ந்து பார்த்த 379 ஆபரேஷன்களின் முடிவை வெளியிட்டார். நோயாளிகளிடம் இன்னொரு வேண்டுகோளும் வைத்தார்: நீங்கள் இறந்த பிறகு அந்த மூட்டை எனக்குத் திருப்பித் தருவீர்களா? எவ்வளவு தேய்ந்திருக்கு என்று அளக்க. நிறைய பேர் சம்மதித்தார்கள். 1977இல் சர் பட்டம். 1982இல் காலமானார்.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கணும். முடியவில்லை.

சூடு தாங்காது என்று சொன்னேன் இல்லையா? அதனால் இந்த பிளாஸ்டிக்கை ஆட்டோகிளேவில் வைத்துக் கிருமி நீக்க முடியாது. காமா கதிர் பாய்ச்சுவார்கள். சுலபம், முழுமையானது. ஆனால் கதிர் அந்த நீளச் சங்கிலிகளை அங்கங்கே வெட்டும். வெட்டுப்பட்ட முனைகள் காற்றில் உள்ள ஆக்ஸிஜனோடு சேரும். பாக்கெட்டில் அலமாரியில் சும்மா இருக்கும்போதே வருஷக்கணக்கில் இந்த வேலை நடக்கும். பழைய பிளாஸ்டிக் வாளி வெயிலில் கிடந்து நொறுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதுதான். பாதுகாப்புக்காகச் செய்த வேலையே பொருளைக் கெடுத்தது.

1980களில் மூட்டைச் சுற்றி எலும்பு கரைவதைப் பல நாடுகளில் பார்த்தார்கள். பழியைச் சிமென்ட் மேல் போட்டு, 'சிமென்ட் நோய்' என்று பேரும் வைத்தார்கள். சரி, சிமென்ட் இல்லாமல் மூட்டு வைப்போம் என்று வைத்தால் அங்கேயும் எலும்பு கரைந்தது. குற்றவாளி பழைய ஆள்தான். தேய்ந்து விழும் நுண்தூள். டெஃப்லான் மூன்று வருஷத்தில் செய்ததை இது பத்து, பதினைந்து வருஷத்தில் செய்தது. நாம் வருஷத்துக்கு ஏறக்குறைய பத்து லட்சம் அடி நடக்கிறோம், ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் தூள்.

பிளாஸ்டிக்கே வேண்டாம் என்று உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டுக்குப் போனவர்களும் உண்டு. அது இன்னொரு சோகம். கோபால்ட், குரோமியம் ரத்தத்தில் ஏறி, 2010 ஆகஸ்டில் டிபுய் நிறுவனம் தன் ஏ.எஸ்.ஆர். வகை மூட்டை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. இந்தியாவிலும் ஆயிரக்கணக்கானோருக்கு அது வைக்கப்பட்டிருந்தது.

பிளாஸ்டிக்கோடு நின்றவர்கள் விடை கண்டுபிடித்தார்கள். பாஸ்டனில் வில்லியம் ஹாரிஸ் குழுவும் வேறு சிலரும் அதே காமா கதிரை, அதே போன்ற எலெக்ட்ரான் கதிரை, இன்னும் அதிகமாகப் பாய்ச்சினார்கள். வெட்டுப்பட்ட முனைகளை ஆக்ஸிஜன் பிடிப்பதற்குள் சூடாக்கி, பக்கத்துச் சங்கிலியோடு கைகோக்க வைத்தார்கள். நீளவாட்டில் மட்டும் இருந்த நூல், குறுக்கிலும் முடிச்சு விழுந்து வலை ஆனது. 1990களின் கடைசியில் இந்தக் குறுக்கிணைப்புப் பாலித்தீன் புழக்கத்துக்கு வந்தது. தேய்மானம் பல மடங்கு குறைந்தது. அப்புறம் அதில் வைட்டமின் ஈ கலந்தார்கள். நீங்கள் முடிக்கும் தோலுக்கும் வாங்கிச் சாப்பிடும் அதே வைட்டமின் ஈ, இங்கே பிளாஸ்டிக் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுது. (தோலுக்குச் செய்வதைவிட இங்கே அது உருப்படியாக வேலை செய்கிறது என்பது என் தனிப்பட்ட கருத்து.)

'டாக்டர், எத்தனை வருஷம் தாங்கும்?' இதுதான் எல்லாரும் கேட்பது. 2019இல் லான்செட்டில் தேசியப் பதிவேடுகளைத் தொகுத்து வெளியான ஆய்வுகளின்படி, 25 வருஷம் தாங்கியவை இடுப்பு மூட்டில் 58 சதவீதம், முழு முழங்கால் மூட்டில் 82 சதவீதம். கவனியுங்கள், 25 வருஷக் கணக்கு என்பது பழைய பிளாஸ்டிக்கின் கணக்கு. புதியதன் 25 வருஷம் இப்போதுதான் முடிந்துகொண்டிருக்கிறது.

கடைசியாக ஒரு வேலை. ஆபரேஷன் தியேட்டரில் மூட்டின் பெட்டியைப் பிரிக்கும்போது ஸ்டிக்கர்கள் இருக்கும். நிறுவனம், மாடல், லாட் எண், பிளாஸ்டிக்கின் வகை எல்லாம் அதில் இருக்கும். ஒன்று கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். இன்னொன்றையோ அதன் நகலையோ கேட்டு வாங்கி, டிஸ்சார்ஜ் சம்மரியோடு பத்திரமாக வையுங்கள். ஏ.எஸ்.ஆர். திரும்பப் பெறப்பட்டபோது, தன் இடுப்பில் இருப்பது எந்த மாடல் என்றே தெரியாமல் இருந்தவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அம்மாவின் பழைய ஃபைலை இன்று ராத்திரியே எடுத்துப் பாருங்க.